வலிமை மட்டும் போதுமா?

மாணவர்களே, 'உலோகக் கலவை ஏன் தூய உலோகத்தைவிட வலிமையானது?' என்று தேர்வில் கேட்டால் உடனே எழுதிவிடுவீர்கள்: வேறு அளவுள்ள அணுக்கள் இடையில் புகுந்து, அணு அடுக்குகள் வழுக்குவதைத் தடுக்கின்றன. விடை சரிதான். ஆனால், அது பாதிப் பாடம் என்பதே என் கருத்து. நானும் வகுப்பில் பல முறை அதோடு நிறுத்தியவன்தான்.

மறுபாதியை ஒரு பாலம் சொல்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 1961இல் திறக்கப்பட்டது கிங் ஸ்ட்ரீட் பாலம். 1962 ஜூலை 10, குளிரான காலை. சுமார் 45 டன் எடையுடன் ஒரு கனரக வாகனம் அதன்மேல் சென்றது. ஒரு பகுதியைத் தாங்கிய நான்கு விட்டங்களும் முறிந்து, பாலம் தொய்ந்து இறங்கியது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

அந்த விட்டங்கள் உயர்வலிமை எஃகால் ஆனவை. விரிசல்கள் தொடங்கியதோ பற்றவைப்பின் ஓரத்தில். அவற்றுள் சில, பாலம் திறக்கும் முன்பே இருந்தவை!

ஏன் அப்படி? வலிமைக்காக எஃகில் கார்பனும் மாங்கனீசும் சேர்க்கிறார்கள். பற்றவைக்கும்போது, உருகிய இடத்தை ஒட்டிய எஃகு மிகுந்த சூடாகி, சில நொடிகளில் குளிர்கிறது. தகடு தடித்திருந்தால் இன்னும் வேகமாகக் குளிரும். பழுக்கக் காய்ச்சிய கத்தியைத் தண்ணீரில் முக்குவது போலத்தான். அப்போது அங்கே மார்டென்சைட் உருவாகிறது. அது கடினமானது, ஆனால் எளிதில் உடையக்கூடியது. ஈரமான வெல்டிங் குச்சியிலிருந்து ஹைட்ரஜனும் புகுந்துவிட்டால், பல மணி நேரம் கழித்தும் விரிசல் விழலாம்.

இந்த ஆபத்தை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். கார்பன் விழுக்காட்டுடன், மாங்கனீசு விழுக்காட்டில் ஆறில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். 0.2 கார்பன், 1.5 மாங்கனீசு என்றால் விடை 0.45. குரோமியம், நிக்கல் போன்றவை இருந்தால் அவற்றின் பங்கையும் சேர்க்க வேண்டும். இதற்குக் 'கார்பன் சமமதிப்பு' என்று பெயர். அது சுமார் 0.4ஐத் தாண்டினால் கவனம் தேவை: தகட்டை முன்கூட்டியே சூடாக்கி மெதுவாகக் குளிரவிட வேண்டும், குச்சிகளை உலர்வாக வைத்திருக்க வேண்டும்.

அதற்காக அளவுக்கு மீறியும் சூடாக்கக் கூடாது. வெப்பப் பதனத்தால் வலிமை பெற்ற எஃகு, அந்த வலிமையை இழந்துவிடும். இன்றோ, கார்பனைக் குறைத்து, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தித் தகடாக உருட்டி, உட்துகள்களை நுண்ணியதாக்கும் முறை உண்டு. வலிமையும் கிடைக்கிறது, பற்றவைப்பதும் எளிதாகிறது.

ஆகவே, அடுத்த முறை ஒரு பொருளைப் பற்றிப் படிக்கும்போது, 'எவ்வளவு வலிமையானது?' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'அதை எப்படி இணைப்பார்கள்?' என்றும் கேளுங்கள். உங்கள் ஆசிரியரையும் கேளுங்கள், அவர் மகிழ்வார்.