இரு நிற மர வளையல்: வரப்பு மரம் விறகாகத்தான் போக வேண்டுமா?

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் வரப்போரத்து மரத்தை விற்க நினைக்கும் சிறு விவசாயி முதலில் தேடிப் போவது விறகு வியாபாரியைத்தான். வியாபாரி ஆட்களோடு வருகிறார். மரம் சாய்கிறது. அடிமரமும் கிளையும் ஒன்றாக லாரியில் ஏறி எடை மேடைக்குப் போகின்றன. அங்கே உசிலையும் ஒன்றுதான், வாகையும் ஒன்றுதான், சீமைக் கருவேலும் ஒன்றுதான். எல்லாம் டன் கணக்கு. பிறகு எல்லாம் செங்கல் சூளைக்கோ கொதிகலனுக்கோ போய்ச் சேருகிறது.

பலகைக்கு ஆகும் நேரான அடிமரம் இருந்தால் மட்டும் அதற்குத் தனி விலை கிடைக்கும். வளைந்த கிளை, குட்டைத் துண்டு, அறுவை மில்லில் மிஞ்சும் ஓரக்கட்டை ஆகியவற்றை யாரும் மரமாக மதிப்பதில்லை. இந்தத் துண்டுகளிலிருந்து செய்யக்கூடிய ஒரு பொருள் உண்டு. கறுப்பும் வெளுப்புமாக இரண்டு மரங்களை ஒட்டிக் கடைந்தெடுக்கும் வளையல்தான் அது. விவசாயக் குடும்பத்தின் உபதொழில்களைப் பேசும்போது மாடு, கோழி, தேனீ என்பதோடு நிறுத்திக் கொள்கிறோம். மரக் கடைசலையும் அந்த வரிசையில் சேர்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அண்டை மாநிலங்கள் காட்டும் வழி

பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையே உள்ள சன்னபட்டணம் மரப் பொம்மைக்குப் பேர் போன ஊர். பொம்மையோடு வளையலும் அங்கே கடையப்படுகிறது. சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிக்கிறார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் பரவுகிறது. பிறகு தாழை மடலால் தேய்த்து மெருகு ஏற்றுகிறார்கள். ஆந்திராவில் ஏடிகொப்பாக்கா என்ற ஊரிலும் இதே தொழில் நடக்கிறது. மஞ்சள் போன்ற தாவரச் சாயங்களை அங்கே மீண்டும் வழக்கத்துக்குக் கொண்டு வந்த சி.வி. ராஜுவுக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. இரண்டு ஊர்ப் பொருள்களும் புவிசார் குறியீடு பெற்றவை.

இந்த இரண்டு ஊர்களும் நெடுங்காலமாக நம்பியிருக்கும் மரம் எது என்பதுதான் நம் விவசாயிகள் கவனிக்க வேண்டிய செய்தி. அது நமது வெட்பாலை. சேர்வராயன், கொல்லிமலை அடிவாரங்களிலும் மேட்டாங்காடுகளிலும் தானாக முளைத்து வளரும் மரம். தோல் நோய்க்குத் தைலம் காய்ச்ச இதன் இலையைப் பறிப்பது எல்லோருக்கும் தெரியும். வெள்ளை வெளேரென்று, நெருங்கிய இழையோடு, கடைசலுக்கு ஏற்ற மரம் அது என்பதை மறந்துவிட்டோம்.

தொழில் தெரிந்த கைகளுக்கும் பஞ்சமில்லை. சேலம் மாவட்டம் தம்மம்பட்டியின் மரச் சிற்பம் புவிசார் குறியீடு பெற்றது. வாகை மரத்தில் சுவாமி சிலை செதுக்குபவர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் மரத்தின் குணம் அறிந்த தச்சர்கள் இருக்கிறார்கள். கட்டில் கால், கதவுக் குமிழ் கடைசல் பிடிப்பவர்கள் சிறு ஊர்களிலும் உண்டு. மரமும் கையும் ஒரே வட்டாரத்தில் இருந்தும் இரண்டும் சந்திக்கவில்லை என்பதே குறை.

சாயம் வேண்டாம், மரமே நிறம்

இரு நிற வளையலுக்குச் சாயமே தேவையில்லை. கருமைக்கு உசிலை, வாகை, பூவரசு ஆகியவற்றின் வைரம் பாய்ந்த பகுதி போதும். செம்மைக்குக் கருவேல், வேம்பு. மஞ்சளுக்குப் பலா, மஞ்சள் கடம்பு. வெண்மைக்கு வெட்பாலை. முதிர்ந்த புளிய மரம் ஒன்றிலேயே இரண்டு நிறமும் கிடைக்கும். அதன் வைரம் கருஞ்சிவப்பு. அதைச் சுற்றியுள்ள பகுதி வெளிர் மஞ்சள்.

வளையலை ஒரே பலகையில் வட்டமாக அறுத்து எடுப்பது தவறான முறை. பலகையில் இழை ஒரே திசையில் ஓடுவதால் வட்டத்தின் இரண்டு பக்கங்களில் இழை குறுக்கே வெட்டுப்படும். கீழே விழுந்தால் அங்கேதான் உடையும். நடுவில் உள்ள மரமும் வீண். ஆகவே சிறு துண்டுகளை வட்டமாக ஒட்டிக் கடைவதே சிறந்தது. எட்டுத் துண்டுகள் என்றால் ஒவ்வொன்றின் இரு முனையையும் 22½ டிகிரி சாய்வாக அறுக்க வேண்டும். ஒரு துண்டு கறுப்பு, அடுத்தது வெளுப்பு என்று மாற்றி வைத்து, தண்ணீர் தாங்கும் பசை தடவி, சைக்கிள் டியூப் பட்டையால் இறுகக் கட்டிக் காயவிடலாம். நன்றாக ஒட்டிய பின் கடைசல் இயந்திரத்தில் ஏற்றி உள்ளும் புறமும் கடைய வேண்டும்.

ஒவ்வொரு துண்டும் ஒன்றரை அங்குல நீளம், அரை அங்குல அகலம், ஒரு அங்குல கனம் இருந்தால் போதும். அதாவது ஒரு வளையலுக்கு 6 கன அங்குல மரம். ஒரு கன அடியில் 1,728 கன அங்குலம் இருக்கிறது. அறுப்புச் சேதம், வெடிப்பு, முடிச்சு என்று பாதிக்கு மேல் கழித்தாலும் நூறு வளையலுக்குக் குறையாது. ஒரு கன அடி மரம் சூளையில் எவ்வளவு நேரம் எரியும் என்பதை விவசாயிகளே எண்ணிப் பார்க்கலாம்.

அளவு தவறினால் வளையல் விற்காது. கடையில் கேட்கும் 2-4 என்பது உள்விட்டம் இரண்டே கால் அங்குலம். 2-6 என்பது இரண்டு அங்குலமும் ஆறு நூலும் அல்ல, இரண்டு அங்குலமும் பதினாறில் ஆறு பங்கும். 2-8 என்பது இரண்டரை அங்குலம். இந்தக் கணக்கைத் தொடக்கத்திலேயே தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும்.

காய்ச்சலும் பாய்ச்சலும்

பயிருக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டும் என்பார்கள். மரத்துக்குக் காய்ச்சல் மட்டுமே வேண்டும், அதுவும் அவசரமில்லாமல். இந்தத் தொழிலில் தோற்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கிறார்கள். பச்சை மரத்தைக் கடைந்தால் சித்திரை வெயிலில் சுருங்கி ஒட்டு விட்டுப் போகும். ஒரு மரம் காய்ந்தும் மற்றது ஈரமாகவும் இருந்தாலும் இதே கதிதான்.

வெட்டிய கட்டையின் இரு முனைகளிலும் மெழுகோ பழைய பெயிண்டோ பூச வேண்டும். இல்லாவிட்டால் முனை வழியே ஈரம் வேகமாக வெளியேறி வெடிப்பு விழும். பிறகு பட்டைகளாக அறுத்து, இடையிடையே குச்சி வைத்து, காற்றோட்டமுள்ள நிழலில் அடுக்க வேண்டும். வெயிலில் போடக் கூடாது. வெட்பாலை போன்ற வெள்ளை மரத்தை மழைக் காலத்தில் வெட்டிப் போட்டு வைத்தால் நீலம் பூத்துவிடும். கோடையில் வெட்டி உடனே அறுத்துவிட வேண்டும். மரம் காய்ந்ததா என்று அறியக் கருவி தேவையில்லை. ஒரு துண்டில் குறியிட்டு வாரம் ஒருமுறை தராசில் நிறுத்தால் போதும். எடை குறைவது நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது என்று பொருள்.

வெள்ளை மரத்தை உளு அரிக்கும். போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசலில் ஊற வைத்துக் காய வைத்தால் தடுக்கலாம். வாகைத் தூள் மூக்கில் ஏறினால் விடாமல் தும்மல் வரும். கடையும்போதும் உப்புத்தாள் போடும்போதும் மூக்கையும் வாயையும் மூடிக் கொள்வது கட்டாயம். மரத்தைப் பதப்படுத்துவது பற்றி மேலும் அறிய விரும்புவோர் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியையோ, பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிலையத்தையோ கேட்கலாம்.

யார் வாங்குவார்கள்?

பிளாஸ்டிக் வளையலும் பிரோசாபாத் கண்ணாடி வளையலும் கொட்டிக் கிடக்கும்போது மர வளையலை யார் வாங்குவார்கள் என்று கேட்பது நியாயமே. விலையில் அவற்றோடு போட்டி போட முடியாது, போடவும் கூடாது. சமீப ஆண்டுகளில் கருங்காலி மாலைக்கும் கைக்காப்புக்கும் மக்கள் எவ்வளவு ஆசைப்பட்டார்கள் என்பதைப் பார்த்தோம். மரத்தை உடம்பில் அணியும் விருப்பம் நம் மக்களிடம் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் சாயம் ஏற்றிய வேறு மரமும் கருங்காலி என்ற பெயரில் விற்கப்பட்டு, வாங்கியவர்கள் ஏமாந்ததையும் கண்டோம். நமது வளையல் அந்த வழியில் போகக் கூடாது. இது உசிலை, இது வெட்பாலை, இன்ன ஊர்த் தோட்டத்து மரம் என்று உள்ளதை உள்ளபடி எழுதி விற்க வேண்டும். அந்த நாணயம்தான் இந்தத் தொழிலின் மூலதனம்.

ஒவ்வொரு விவசாயியும் கடைசல் இயந்திரம் வாங்க வேண்டும் என்பதில்லை. அப்படிச் செய்தால் கடன்தான் மிஞ்சும். ஊருக்கு ஒரு கடைசல்காரர், மரத்தைக் காய வைத்துத் தரும் சில விவசாயிகள், ஒட்டுவதற்கும் உப்புத்தாள் போட்டு மெருகு ஏற்றுவதற்கும் ஒரு மகளிர் சுய உதவிக் குழு என்று வேலையைப் பங்கிட்டுக் கொள்ளலாம். விற்பனையை மட்டும் ஒன்றுசேர்ந்தே செய்ய வேண்டும். சேலத்து ஜவ்வரிசி இதற்கு நல்ல பாடம். ஆலைக்காரர்கள் தனித்தனியாக இருந்தவரை இடைத்தரகர் சொன்னதே விலை. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்ட பின் தரம் பார்த்து டெண்டர் முறையில் விற்க வழி பிறந்தது. வளையல் சிறு பொருளாக இருக்கலாம். தனியாளாக விற்றால் அதற்கும் தரகர் சொல்வதே விலையாகும். பூம்புகார் விற்பனை நிலையமானாலும், மகளிர் குழுக் கண்காட்சியானாலும், குழுவாகப் போனால்தான் மதிப்பு.

மரம் வெட்டுவதற்குச் சாக்கு அல்ல

வளையலுக்காக நிற்கும் மரத்தை வெட்ட வேண்டும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கழிக்கும் கிளை, காற்றில் விழுந்த மரம், பட்டுப் போன மரம், மில் ஓரக்கட்டை ஆகியவையே இதற்குத் தாராளம். சந்தனம், ஈட்டி, செம்மரம் ஆகியவற்றில் வனத்துறையைக் கேட்காமல் கை வைக்கவே கூடாது. கொல்லிமலை, ஏற்காடு போன்ற மலைப் பகுதிகளில் 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி மரம் வெட்ட அனுமதி வேண்டும். சமவெளியிலும் வெட்டிய மரத்தைக் கொண்டு செல்ல 1968-ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. எந்த மரத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதை வனச் சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக் கொள்வது நல்லது. ஏரிக்கரை, புறம்போக்கு மரம் ஊர்ச் சொத்து. அது யார் பட்டறைக்கும் உரியதல்ல.

ஒரு மரம் வெட்டினால் அதே வரப்பில் இரண்டு கன்று நட வேண்டும் என்பதையும் தொழிலின் விதியாகவே வைத்துக் கொள்ளலாம். வெட்பாலை, உசிலை போன்றவை வறட்சி தாங்கும். மானாவாரி நிலத்தில் பெரிய பராமரிப்பு கேட்காது. இன்று நடுவது பிள்ளைகளின் காலத்தில் வைரம் பாயும்.

அரசும் ஒரு காரியம் செய்ய வேண்டும். வரப்பில் நடுவதற்கு மரக்கன்று கொடுப்பதோடு வேளாண்மைத் துறையின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. வளர்ந்த மரத்தை எப்படி அறுப்பது, எப்படிக் காய வைப்பது, யாரிடம் விற்பது என்று சொல்லித் தர ஆள் வேண்டும். தம்மம்பட்டியின் கைத்திறனும் வட்டார விவசாயியின் மரமும் சந்திக்கும்படி ஒன்றியத்துக்கு ஒரு பயிற்சி முகாம் நடத்தினாலே போதும். மற்றதை மக்கள் பார்த்துக் கொள்வார்கள்.

அதுவரை விவசாயிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை விறகு வியாபாரி வரும்போது, லாரியில் ஏற்றும் முன் கட்டையின் வெட்டு முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். நடுவில் கறுத்து வைரம் பாய்ந்திருந்தால், அந்தக் கட்டைகளை மட்டும் தனியே ஒதுக்கி, முனையில் மெழுகு பூசி, மாட்டுக் கொட்டகை ஓரத்தில் நிழலில் அடுக்கி வைக்கலாம். அதற்குச் செலவு எதுவுமில்லை. எடை மேடையில் ஏறிப் போனது திரும்பி வராது.