தொலைக்காட்சிக்குப் பரிந்து பேசுவார் கூற்று மறுப்பு

தொலைக்காட்சி ஒளிபரப்பு புது டில்லியில் 1959-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தொடங்கிற்று. சென்னைக்கு அது வந்தது 1975-ஆம் ஆண்டில். 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களிற் சன் தொலைக்காட்சி தோன்றிய பின்னர், நாட்டின் மூலை முடுக்குகளிலெல்லாம் அது குடிபுகுந்து, விளக்கேற்றும் மாலைப்பொழுதைத் தனக்கே உரியதாக்கிக் கொண்டது. இதனால் மனைவாழ்க்கைக்கு விளைந்த ஊறுகளை எடுத்துக்காட்டுந்தோறும், அதன்மேற் பரிவு மிக்கார் சிலர் வெகுண்டெழுந்து விடையிறுக்கின்றனர். அவர்தம் விடைகளின் வன்மை மென்மைகள் ஈண்டு ஆராயப்படும்.

"கருவி குற்றமற்றது, அதனை முடுக்குதலும் நிறுத்துதலும் வீட்டார் கையிலன்றோ உள்ளன, வேண்டாதார் நிறுத்திவிடுக" என்பது அவர் முதற்கண் கூறுவது. இது கேட்டற்கு இனிதாயினும் ஆராயுமிடத்து நில்லாது. என்னை? வீடென்பது ஒருவரே வாழுமிடமன்று. கூடமும் அறையும் மாடியும் வேறுவேறாக அமைந்த மனைகளுக்கு இவ்விடை ஓரளவு பொருந்தலாம். ஓர் அறையே அடுக்களையும் படுக்கையிடமும் படிப்பிடமுமாக உள்ள குடிகள் தமிழ்நாட்டிற் பலப்பல. 2006-ஆம் ஆண்டு தொடங்கி 2011 வரையில் அரசினர் ஒரு கோடிக்கு மேற்பட்ட வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விலையின்றி வழங்கினர். அவற்றுட் பல இத்தகைய சிறுவீடுகளுக்கே சென்றன. அங்கே பாட்டி விழைந்து காணும் கதையைத் தேர்வுக்குப் படிக்கும் பேரனும் கேட்டே தீரல் வேண்டும். அவன் செவியை அணைத்தற்கு எப்பொத்தான் உளது?

அன்றியும், நிறுத்திவிடுக என்பார், நிறுத்த மனம் வாராதபடி அதனைச் சமைப்பார் ஒரு கூட்டத்தார் இருத்தலை மறைக்கின்றனர். ஒரு மணி நேரத்திற் பன்னிரண்டு நிமிடத்திற்கு மேல் விளம்பரம் ஒளிபரப்புதல் கூடாதென்பது சட்டவிதி. அந்நிமிடங்களை விற்ற பொருளே அலைவரிசையாரின் பெருவருவாய். எத்துணைக் கண்கள் நோக்குகின்றன என்பதைக் கொண்டே அந்நிமிடத்தின் விலை ஏறும், இறங்கும். ஆகவே கதை எவ்விடத்தில் முறிக்கப்பட வேண்டுமென்பது கதையின் நியாயம் பற்றியன்று, வாணிகத்தின் நியாயம் பற்றியே துணியப்படுகின்றது. தாலிகட்டப் போகும் கை அந்தரத்தில் நிற்கும்; பாலில் நஞ்சு கலந்தவள் கதவருகே ஒளிந்து நிற்பாள்; அவ்வளவில் 'தொடரும்' என்னும் எழுத்துத் தோன்றும். வார இறுதியின் முடிச்சோ பின்னும் இறுக்கமாக இடப்படும். பசித்தவன் முன்னே இலையைப் போட்டு, ஒரு கவளம் இட்டு, எஞ்சியதை நாளை தருவேன் என்பான் ஒருவனை, உண்பதும் ஒழிவதும் அவன் விருப்பமேயென்று யாரும் புகழார்.

நெடுந்தொடர்கள் யாவும் இழிந்தன என்றல் நடுவுநிலைமை ஆகாது. ஐந்து பெண்மக்களைப் பெற்ற ஒரு தந்தையின் அல்லலைக் கூறிய 'மெட்டி ஒலி' 2002 முதல் 2005 வரையில் எண்ணூறு பகுதிகளுக்கு மேல் நடந்தது; அதிற் கண்ணீரோடு குடும்பத்தின் இயல்பும் இருந்தது. ஆயினும் அத்தகையன சிலவே. பட்டுடுத்துப் பொன் பூண்டு, அடுத்தவள் குடியைக் கெடுக்கச் சூழ்ச்சி செய்தலையே தொழிலாகக் கொண்ட மாமியாரும் நாத்தியும் ஓரகத்தியும் நாடோறும் உலாவுவன பல.

"இவையெல்லாம் பொழுதுபோக்கு, யாரும் இவற்றைக் கண்டு கெட்டுப்போகார்" என்று இங்கே அவர் குறுக்கிடுவர். அவரே மற்றோரிடத்தில், தொலைக்காட்சி மக்களைத் திருத்திய பேருதவியை விரித்துரைப்பர். அதற்கு அவர் காட்டும் சான்று வலியுடையதே. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்னும் பொருளியலறிஞர் இருவர், தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்திடங்களிற் சிற்றூர்களை ஆராய்ந்து 2009-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கேபிள் தொலைக்காட்சி புகுந்த ஊர்களில், கணவன் அடித்தல் தகும் என்று எண்ணும் மகளிர் குறைந்தனர். ஆண்மகவே வேண்டும் என்னும் வேட்கையும் குறைந்தது என்பது அவர் கண்ட முடிபு. இது மெய்யாயின், மகிழ்ந்து கொள்ளத் தக்கதே. பெண்ணை அடித்தல் அறமென்று இருந்த ஊரில் அவ்வெண்ணம் தேய்ந்தமை எவ்வழியான் ஆயினும் நன்றே.

ஆனால் இச்சான்று யாரை வீழ்த்துகின்றது என்பது நோக்கற்பாலது. சில ஆண்டுக்குள் ஒரு சிற்றூர் மகளிரின் உள்ளத்தை மாற்ற வல்லது அக்காட்சியாயின், அதுவே நாடோறும் காட்டும் வஞ்சமும் பொறாமையும் பழிவாங்கலும் உள்ளத்தைத் தொடாமற் செல்லும் என்றல் யாங்ஙனம் கூடும்? நன்மை மட்டும் ஒட்டும், தீமை ஒட்டாது என்பதற்கு அவர் ஏது காட்டிற்றிலர். இரண்டு கூற்றுள் ஒன்றை அவர் கைவிடல் வேண்டும். உயிர் சார்ந்ததன் இயல்பைத் தானும் எய்தும் என்பதும், அடுத்த நிறத்தைப் பளிங்கு காட்டுமாறு போல என்பதும் சித்தாந்தம் பயின்றார் நன்கறிவர். பளிங்கு செந்நிறத்தை ஏற்கும், கருநிறத்தை விலக்கும் என்பார் உளரோ?

கல்விக்கென்று வந்த கருவி வாணிகத்தின் கையிற் சேர்ந்த வரலாறும் ஈண்டு நினைக்கத் தகும். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்கச் செயற்கைக்கோளின் துணையால், ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2400 சிற்றூர்களுக்கு உழவும் நலவாழ்வும் பள்ளிப்பாடமும் ஒளிபரப்பப்பட்டன. பெட்டி ஊர்ப்பொதுவில் இருந்தது. ஊரார் கூடிக் கண்டனர். பின்னர், மெக்சிகோ நாட்டு மிகேல் சபிதோ என்பார் கதைவழியே கல்வி புகட்டிய முறையைப் பின்பற்றி, குடும்பக் கட்டுப்பாடும் பெண்ணுரிமையும் பரப்பும் நோக்குடன் 'ஹம் லோக்' என்னும் இந்தித் தொடர் 1984-இல் தொடங்கப்பெற்றது. அதனைப் பொருளுதவி செய்து தாங்கியது மேகி நூடுல்ஸ் விற்ற நிறுவனம். அறிவுரை எத்துணைப் பேர் மனத்தில் நின்றதோ, இரண்டு நிமிடத்தில் வேகும் அவ்வுணவு அடுக்களைகளில் நிலைபெற்றுவிட்டது.

"கோயிற் காட்சியை வீட்டிலிருந்தே தருகின்றதே" என்பது பக்தியுடையார் சிலர் கூற்று. 1987-இல் ராமானந்த சாகரின் இராமாயணம் ஞாயிறுதோறும் வந்த காலையில், நீராடிப் பெட்டிக்கு மாலை சூட்டித் தூபம் காட்டினாரும் உளர். நோயிற் கிடப்பார்க்கும், நடை தளர்ந்தார்க்கும், 2020-இற் பெருந்தொற்றால் திருக்கோயிற் கதவுகள் அடைபட்ட நாளில் எல்லார்க்கும், நேரலை ஓர் ஆறுதலே. காலும் கண்ணும் நல்லவாயிருந்தும் திருக்கோயிலை நோக்கி எழாதார் அதனை வழிபாடென்றல் அமையாது. வலம் வருதலும், அடியாரோடு கூடி நிற்றலும், நெற்றியில் நீறு பெறுதலும் அங்கில்லை. தீபாராதனைக்குப் பின்னே நகைக்கடை விளம்பரம் வந்து நிற்றல் ஒன்றே உண்டு.

இனி, "கைபேசி வந்தபின் தொலைக்காட்சியின் காலம் கழிந்தது, அதனைக் கடிதல் செத்த பாம்பை அடித்தலாகும்" என்பாரும் உளர். பாம்பு சாகவில்லை, குட்டி ஈன்றது. அதே தொடர் அதே முடிச்சோடு இப்போது உள்ளங்கையில் ஓடுகின்றது. முன்னர் ஒரு பெட்டிமுன் நால்வர் பேச்சற்று இருந்தனர்; அருகருகேனும் இருந்தனர். இப்போது நான்கு மூலையில் நால்வர்.

எஞ்சியது ஒன்றே, அதுவே அவர் கூற்றுக்களுள் நெஞ்சைத் தொடுவது. "பேசுதற்கு ஆளற்ற முதியோர்க்கு அதுவன்றோ துணை" என்பர். உண்மை, பகலெல்லாம் தனித்திருக்கும் கிழவிக்கு ஒரு மனிதக்குரல் வேண்டும். ஆயின் அக்குரல் தான் பேசுமேயன்றி, அவள் பேச்சைக் கேளாது. அவள் இருமினால் என்னென்று வினவாது. சோறு உண்டனையோ என்று கேட்டு ஒரு கணம் நில்லாது. பகலுக்கு அது துணையென்றே கொள்க. மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் அந்தியில் வீடு மீண்டு, அவளைச் சுற்றி அமர்ந்த பின்னும் அப்பெட்டி அணைக்கப்படாதிருப்பது யாருக்குத் துணையாக என்பதற்கு இக்கட்சியார் விடை கூறுவாராக.