மதிப்பெண் மட்டும் போதுமா?

கையில் எடுத்துச் செல்லக்கூடிய எக்ஸ்ரே கருவிகள் இன்று கிராமங்களுக்கே வந்துவிட்டன. 2024 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய 100 நாள் காசநோய் ஒழிப்பு இயக்கத்தில், செயற்கை நுண்ணறிவுடன் கூடிய இத்தகைய கருவிகள் பயன்படுத்தப்பட்டன. நெஞ்சுப் படத்தை ஆராயும் மென்பொருள், சிறிது நேரத்தில் ஒரு மதிப்பெண்ணைத் தருகிறது. கதிரியக்க மருத்துவர் இல்லாத ஊர்களுக்கு இது பெரும் உதவி. ஆனால், அந்த எண்ணின் பொருளை அதைக் கையாளும் மருத்துவருக்கு யார் விளக்குவது?

எண்கள் மருத்துவத்துக்குப் புதியவை அல்ல. எலும்பு அடர்த்திச் சோதனையில் 'டி' மதிப்பு மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை எனக் கொள்கிறோம். சி.டி. ஸ்கேனின் அளவுகோலில் தண்ணீர் 0. காற்று மைனஸ் 1,000. இவை எதை அளக்கின்றன என்பதை மருத்துவர் அறிவார். ஆகவே, ஐயம் எழும்போது அந்த எண்ணைக் கேள்வி கேட்கவும் அவரால் முடிகிறது.

காசநோய் மென்பொருளின் மதிப்பெண் அப்படிப்பட்டதன்று. 0.60 என்றால் நோய் இருக்க 60 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்று பொருளல்ல. மென்பொருளுக்குக் கற்பிக்கப்பட்ட காசநோய்ப் படங்களோடு இந்தப் படம் எந்த அளவுக்கு ஒத்துப்போகிறது என்பதன் குறியீடே அது. ஒரு நிறுவனத்தின் 0.60-உம் இன்னொரு நிறுவனத்தின் 0.60-உம் சமமல்ல. முதியோரிடமும், முன்பே காசநோய் வந்து தழும்பு உள்ளவர்களிடமும் இக்கணிப்பு தடுமாறுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

15 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு இம்மென்பொருள்களைப் பயன்படுத்தலாம் என 2021-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. எந்த மதிப்பெண்ணுக்கு மேல் சளிப் பரிசோதனை செய்வது என்பதை அந்தந்தப் பகுதியின் நிலைக்கேற்ப வகுக்க வேண்டும். எல்லையைத் தாழ்த்தினால் பரிசோதனைச் செலவு பெருகும். உயர்த்தினால், நோயாளி மருந்தின்றி வீடு திரும்புவார். குடும்பத்துக்கும் தொற்று பரவக்கூடும்.

அமெரிக்காவில் நிமோனியாவைக் கண்டறியும் மென்பொருள் பற்றி 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றும் நமக்குப் பாடமாகும். எந்த மருத்துவமனையில் எடுத்த படம் என்பதைக்கூட அத்தகைய மென்பொருளால் இனங்காண முடிந்தது. வெளி மருத்துவமனைப் படங்களைக் கொடுத்தபோதோ அதன் திறன் பல ஒப்பீடுகளில் குறைந்தது.

கருவிகளை எதிர்ப்பது என் நோக்கமன்று. மதிப்பெண்ணோடு மூன்று விவரங்களும் மருத்துவரின் கைக்கு வர வேண்டும் என்பதே என் கோரிக்கை. நுரையீரலின் எந்தப் பகுதி ஐயத்தை எழுப்பியது? எத்தகைய மக்களிடம் இது சோதிக்கப்பட்டது? வகுத்த எல்லையில், 100 காசநோயாளிகளில் எத்தனை பேரை இது தவறவிடும்? கொள்முதல் ஒப்பந்தத்திலேயே அரசு இவற்றைக் கட்டாயமாக்கலாம்.

இருமலோடு வந்தவரிடம் 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லி அனுப்பப் போவது மென்பொருளன்று, மருத்துவர். தாம் சொல்வதன் ஆதாரத்தை அவர் அறிந்திருக்க வேண்டாமா?