மறுப்பதற்கு முன் எடுத்துச் சொல்லத் தெரிய வேண்டும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. காபியோ டீயோ கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

சில நாட்களாக இரண்டு வாட்ஸ்அப் செய்திகள் எனக்குத் திரும்பத் திரும்ப வருகின்றன. நெருப்பு சுடாது என்று இமாம் கஸ்ஸாலி எழுதினார், அன்றோடு இஸ்லாமிய உலகில் அறிவியல் செத்தது என்கிறது ஒன்று. மேற்கத்தியரின் தத்துவம் முழுவதும் முஸ்லிம்களிடமிருந்து திருடியது என்கிறது மற்றொன்று. இரண்டையும் அனுப்பியவர்கள் என்னிடம் படித்தவர்கள்தான், அதுவும் ஒரே வகுப்பில். இப்போது ஒருவரை ஒருவர் பிளாக் செய்திருக்கிறார்களாம். அதனால்தான் இந்தப் பதிவு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவருடைய கருத்தை மறுக்க உனக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமை, அவர் சொல்வதை அவரே "ஆமாம், நான் சொல்வது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்ல முடிந்த பிறகுதான் வருகிறது. இது நான் கண்டுபிடித்த விதி அல்ல. மேலே சொன்ன இரண்டு செய்திகளிலும் இழுபடுகிற பெரியவர்களே கடைப்பிடித்த விதி.

முதலில் அந்த நெருப்பு விஷயத்தைப் பார்ப்போம்.

இமாம் கஸ்ஸாலி 1058-இல் இன்றைய ஈரானில் உள்ள தூஸில் பிறந்தவர். 1091-இல் பக்தாத்தின் நிஜாமிய்யா கல்லூரியில் ஆசிரியரானார். 1095 வாக்கில் 'தஹாஃபுத் அல்-ஃபலாசிஃபா' என்ற நூலை எழுதினார். தத்துவவாதிகளின் தடுமாற்றம் என்று பொருள் சொல்லலாம். அரிஸ்டாட்டில் வழியில் வந்த இப்னு சீனா போன்றோரின் கொள்கைகளை இருபது கேள்விகளாகப் பிரித்து ஆராய்கிறார். பதினேழாவதில்தான் பஞ்சும் நெருப்பும் வருகின்றன.

அவர் கேட்டது இதுதான். பஞ்சில் நெருப்பு படுகிறது, பஞ்சு எரிகிறது. நம் கண்ணுக்குத் தெரிவது, ஒன்று நடக்கும்போது மற்றொன்றும் நடக்கிறது என்பது மட்டும். நெருப்பினால்தான் எரிந்தது, எரிந்தே தீர வேண்டும் என்ற அந்தக் கட்டாயத்தை யார் எங்கே கண்ணால் பார்த்தார்கள்? எரிப்பவன் இறைவன், வழக்கமாக நெருப்பு படும்போது எரிக்கிறான், அவன் நினைத்தால் எரிக்காமலும் இருக்கலாம் என்பது அவர் பதில். நெருப்பு சுடாது என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்து வருகிறது. தன் வாதத்துக்கு எதிராக வரக்கூடிய பலமான கேலியை அவரே எழுதுகிறார். அப்படியானால் வீட்டில் ஒரு புத்தகத்தை வைத்துவிட்டுப் போனவன், திரும்பி வருவதற்குள் அது ஒரு பையனாகவோ மிருகமாகவோ மாறியிருக்கலாம் என்று நம்ப வேண்டிவருமே என்று எதிராளியின் வாயால் கேட்கவைக்கிறார். பிறகுதான் பதில் சொல்கிறார். தன்னைப் பார்த்து ஊர் சிரிக்கக்கூடிய இடத்தைத் தானே சுட்டிக்காட்டிவிட்டுப் பேசுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

அறிவியல் செத்தது என்கிறார்களே, அதே நூலின் முன்னுரையில் கிரகணம் பற்றி அவர் சொன்னதையும் பாருங்கள். கிரகணம் ஏன் வருகிறது என்பதைக் கணக்குப் போட்டு நிரூபித்திருக்கிறார்கள். அதை மதத்தின் பெயரால் மறுப்பவர் மதத்துக்குத்தான் தீங்கு செய்கிறார் என்கிறார். அவர் மறைந்து ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1259-இல், மராகாவில் பெரிய வான்நோக்குக் கூடம் தொடங்கியது. அதன் தலைவர் நசீருத்தீன் தூஸியும் அதே தூஸ் ஊர்க்காரர்தான்.

அடுத்து இப்னு ருஷ்து. ஸ்பெயினின் கோர்தோபாவில் 1126-இல் பிறந்தவர்; காஜியாக, அதாவது நீதிபதியாக இருந்தவர். கஸ்ஸாலிக்குப் பதிலாக அவர் எழுதிய நூலின் பெயர் 'தஹாஃபுத் அத்-தஹாஃபுத்', தடுமாற்றத்தின் தடுமாற்றம். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இயல்பு உண்டு. அந்த இயல்பு இல்லையென்றால் பெயர் வைப்பதற்கே அர்த்தம் இல்லை. காரணத்தை மறுப்பவன் அறிவையே மறுக்கிறான் என்று வாதிட்டார். எப்படி எழுதியிருக்கிறார் தெரியுமா? கஸ்ஸாலியின் நூலைப் பகுதி பகுதியாக அவருடைய சொற்களிலேயே எடுத்துப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே தன் பதிலை வைக்கிறார். சில இடங்களில், இங்கே கஸ்ஸாலி சொல்வது சரி, இப்னு சீனாதான் தவறினார் என்று தன் பக்கத்து ஆளையே விட்டுக்கொடுக்கிறார்.

இந்தக் கேள்வி அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. யார் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று பாருங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ், கத்தோலிக்கத் திருச்சபை புனிதராகக் கொண்டாடுபவர், நெருப்புக்குச் சுடும் ஆற்றல் உண்மையிலேயே உண்டு என்றார். படைப்புகளிடமிருந்து ஆற்றலைப் பிடுங்குவது படைத்தவனின் பெருமையைக் குறைப்பது என்பது அவர் வாதம். அதாவது, இந்த ஒரு கேள்வியில் அவர் நின்றது கோர்தோபாவின் முஸ்லிம் நீதிபதி பக்கம். நானூறு ஆண்டு கழித்து மால்பிரான்ஷ் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், உண்மையான காரணம் இறைவன் ஒருவனே என்றார். அவர் நின்றது கஸ்ஸாலி பக்கம். பிறகு 1748-இல் ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம், ஒரு பந்து மற்றொரு பந்தை இடிப்பதைக் காட்டி, அதில் கட்டாயம் எங்கே தெரிகிறது என்று ஏறக்குறைய கஸ்ஸாலி கேட்டதையே கேட்டார். அவர் பதிலில் இறைவனுக்கு இடமில்லை. மறுபடி மறுபடி பார்த்துப் பழகிய நம் மனம்தான் அந்தக் கட்டாயத்தைச் சேர்க்கிறது என்றார்.

'வழக்கம்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள். கஸ்ஸாலிக்கு அது இறைவனின் வழக்கம். ஹியூமுக்கு அது நம் மனத்தின் வழக்கம். கேள்வி ஒன்று, பதில் வேறு. இதில் திருட்டு எங்கே, சாவு எங்கே? முஸ்லிம்கள் ஒரு பக்கமும் கிறிஸ்தவர்கள் மறுபக்கமுமாக இந்த அணி பிரியவே இல்லை. மேற்கத்தியரும் மறைத்து வைக்கவில்லை. அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதியவர் என்பதால் லத்தீன் அறிஞர்கள் இப்னு ருஷ்தை 'உரையாசிரியர்' என்றே அழைத்தார்கள். பெயர் சொல்லாமலே யாரென்று தெரியும் அளவுக்கு மரியாதை.

இனி நான் சொல்ல வந்த விஷயம். கஸ்ஸாலிக்கு இன்னொரு நூல் உண்டு: 'மகாசித் அல்-ஃபலாசிஃபா', தத்துவவாதிகளின் நோக்கங்கள். தான் மறுக்கப்போகிறவர்களின் கொள்கையை அதில் எந்தக் குத்தலும் இல்லாமல் தெளிவாக விளக்கியிருக்கிறார். இதெல்லாம் என் கருத்து அல்ல, பின்னால் மறுக்கப்போகிறேன் என்று முன்னுரையில் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலேதோ நகரில் அந்த நூல் லத்தீனுக்குப் போனது. ஆனால் பெரும்பாலான லத்தீன் பிரதிகளில் அந்த முன்னுரை இல்லை. விளைவு? ஐரோப்பியர் பலர் அவரை இப்னு சீனாவின் சீடர் என்றே நினைத்துவிட்டார்கள்! எதிராளியின் கருத்தை அவ்வளவு நேர்மையாகச் சொன்னதால், அது அவருடைய கருத்தென்றே உலகம் நம்பியது. ஓர் ஆசிரியராக எனக்கு இதைவிடப் பெரிய நற்சான்றிதழ் தெரியாது.

தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய நூலில் அவரே சொல்கிறார். ஒரு துறையில் மிகத் தேர்ந்தவனுக்குச் சமமாக அதைக் கற்காமல், அதன் குறையைக் கண்டுபிடிக்க முடியாது என்று தீர்மானித்தாராம். முந்நூறு மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டே, கிடைத்த ஓய்வு நேரத்தில் இரண்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகத் தத்துவம் படித்தார். பிறகு ஓர் ஆண்டு அதையே அசைபோட்டார். மூன்று ஆண்டு உழைப்புக்குப் பிறகு மறுப்பு. நாம் மூன்று நொடியில் ஃபார்வர்டு செய்கிறோம்.

அக்வினாஸின் பெரிய நூலிலும் இதே ஒழுங்குதான். ஒவ்வொரு கேள்வியிலும் முதலில் எதிர்ப்பக்க வாதம், கடைசியில்தான் ஒவ்வொன்றுக்கும் பதில். கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வியைத் திறந்தால், முதலில் நிற்பது கடவுள் இல்லை என்பதற்கான வாதம்: உலகில் இத்தனை தீமை இருக்கிறதே! நம் தமிழிலும் இந்த மரபு உண்டு. சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் பரபக்கம் என்று ஒரு பகுதியே வைத்து, உலோகாயதம் தொடங்கிப் பிற மதங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, ஒவ்வொன்றையும் மறுத்த பிறகுதான் தன் கொள்கையாகிய சுபக்கத்துக்கு வருகிறார்.

"சார், தப்பான கருத்தை நாமே அழகாக எடுத்துச் சொன்னால் அது பரவிவிடாதா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதே குறையை கஸ்ஸாலியின் காலத்திலேயே அவரிடம் சொன்னார்கள். பாத்தினிய்யா என்ற பிரிவினரின் வாதத்தை அவர்களே சொல்ல முடியாத அளவுக்கு நீ திருத்தமாகச் சொல்லிவிட்டாயே என்றார்கள். ஊரில் பரவாத சந்தேகம் என்றால் நீங்கள் சொல்வது சரி. பரவிவிட்ட சந்தேகத்துக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும், அதைச் சொல்லிக்காட்டாமல் பதில் சொல்ல முடியாது என்பது அவர் பதிலின் சாரம். இன்று எல்லாச் சந்தேகமும் எல்லார் கைபேசியிலும் இருக்கிறது. எனவே மூடிவைப்பதால் பயன் இல்லை.

இவர்களை இன்றைய அளவுகோலில் தாராள மனத்தினர் என்று நான் சொல்லவில்லை. இருபது கேள்விகளில் மூன்றில் தத்துவவாதிகள் இறைமறுப்பாளர்களே என்று கஸ்ஸாலி கடுமையாகத் தீர்ப்புச் சொன்னார். அதை நான் ஏற்கவில்லை. நேர்மையாக எடுத்துச் சொல்வது வேறு, ஒத்துப்போவது வேறு. முன்னது இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் சரித்திரம் சாட்சி. 1195-இல் இப்னு ருஷ்து நாடு கடத்தப்பட்டார், அவருடைய தத்துவ நூல்கள் எரிக்கப்பட்டன. 1277-இல் பாரிஸ் ஆயர் 219 கருத்துகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்தார். இதில் இரு பக்கத்தாரும் பெருமை பேச எதுவும் இல்லை.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு ஒன்று சொல்லித் தந்தார்கள். தவறான விடைக்குச் சிவப்பு மையில் கோடு போடும் முன், பிள்ளை அந்த விடைக்கு எப்படி வந்தது என்று பார். 52-இல் 38 போனால் 26 என்று எழுதும் பிள்ளை முட்டாள் அல்ல. பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைத்தான் கழிக்க வேண்டும் என்று நம்பி, 8-இல் 2 போக 6, 5-இல் 3 போக 2 என்று போட்டிருக்கிறது. அது தெரிந்தால்தான் திருத்த முடியும். தெரியாமல் போடும் கோடு பிள்ளையை அழவைக்கும், கணக்கைக் கற்றுத் தராது. பெரியவர்களுக்கு இடையிலும் இதுவேதான். எதிரில் இருப்பவர் எந்தப் படியிலிருந்து இந்த முடிவுக்கு வந்தார் என்று தெரியாமல் போடும் பதிவு, சண்டையை மட்டும்தான் வளர்க்கும்.

நெருப்புக் கேள்விக்கு யார் பதில் சரி என்று என்னைக் கேட்டால், எனக்கு இப்னு ருஷ்து சொல்வது மனத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. ஆனாலும் கஸ்ஸாலியின் கேள்வி இன்னும் முள்ளாகக் குத்துகிறது. குத்தட்டும், நல்லதுதான்.

பழக்கத்தை விட முடியுமா, ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். உங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒரு கருத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரசியல், மதம், குடும்ப விவகாரம் எதுவானாலும் சரி. அந்தக் கருத்து உடைய ஒருவரிடம் போய், "நீங்கள் சொல்வது இதுதானே?" என்று பத்து வரியில் சொல்லிக் காட்டுங்கள். அவர் "ஆமாம்" என்று தலையாட்டினால் நீங்கள் பாஸ். அதன் பிறகு தாராளமாக மறுத்துப் பேசுங்கள். ஒரே வகுப்பில் படித்த அந்த இருவரும் இதைப் படித்துக்கொண்டிருந்தால், உங்களுக்கு இந்த வீட்டுப்பாடம் கட்டாயம்.

நான் எழுதியதில் மாறுபட்ட கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். முதலில் நான் சொன்னது என்ன என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுதுங்கள்!

அன்புடன்,
உங்கள் சார்