மேய்ச்சற்றரைக்கு எல்லை வேண்டும்

மட்டக்களப்பு மாவட்டத்தில் மாரி மழை விழுந்து பெரும்போக விதைப்புத் தொடங்கியதும், வயலோரக் கிராமங்களின் மாட்டுப்பட்டிகள் மேற்கே மயிலத்தமடு, மாதவனைப் புல்வெளிகளை நோக்கிப் புறப்படுகின்றன. அறுவடை முடிந்ததும் திரும்பிவந்து, வயல்களில் அரிதாளை மேய்ந்து, நிலத்துக்கு எருவிடுகின்றன. வயலும் புல்வெளியும் ஒன்றையொன்று தாங்கிநிற்கும் இவ்வொழுங்கை வகுத்தது எந்தத் திணைக்களமுமன்று. தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்த மக்களின் அனுபவமே வகுத்தது.

அவ்வொழுங்கு இன்று சிதைகின்றது. மகாவலி அதிகாரசபையின் ஆளுகைக்குட்பட்ட இந்நிலத்தில் வெளி மாவட்டங்களிலிருந்து வந்தோர் புல்வெளியை வெட்டிப் பயிர்செய்யத் தலைப்பட்டனர். மேய்ச்சற்றரையைக் காத்துத் தருமாறு கோரி, 2023 செப்டெம்பரில் பண்ணையாளர் சித்தாண்டியில் தொடர் அறப்போராட்டத்தில் இறங்கினர்.

இது பண்ணையாளரின் வயிற்றுப்பாடு மட்டுமன்று. புல்வெளி சுருங்குவதனால் மாடுகளின் தொகை சுருங்கிவிடுவதில்லை; எஞ்சிய நிலத்தில் அவை நெருங்குகின்றன. புல் வேரோடு தேயும்; குளம்படி பட்டு மண் இறுகும்; மழைநீர் நிலத்துள் இறங்காது மேல்மண்ணை வாரிச்சென்று குளங்களைத் தூர்க்கும். புல் காணாத மாடு காட்டுக்குட் புகும். அயலிலேயே 1983ஆம் ஆண்டில் பிரகடனஞ் செய்யப்பட்ட மதுறு ஓயா தேசியப் பூங்கா உண்டு. அதனுட் கால்நடைகளை ஓட்டிச் செல்வது சட்டப்படி குற்றம். ஒருபுறம் பயிர்செய்வோரும் மறுபுறம் சட்டமும் துரத்தினால், வாயில்லாச் சீவன் எங்கே செல்லும்?

எல்லையிட்டதும் யாவும் தீர்ந்துவிடுமென நாம் கூறவில்லை. பொதுநிலம் எல்லோருக்கும் உரியது என்பதனால் எவருமே பேணாத நிலமாகிவிடலாகாது. நிலம் எத்தனை மாடுகளைத் தாங்கும் என்று கணக்கிடல் வேண்டும். புல்வெளியைப் பகுதிகளாக வகுத்து, ஒன்றில் மேய்கையில் மற்றொன்றைத் துளிர்க்க விடல் வேண்டும். நீர்நிலைகளின் கரைகளைக் காத்தல் வேண்டும். இளம்புல்லுக்காகத் தீ மூட்டலாகாது. இக்கடமைகளைப் பண்ணையாளர் தம் சங்கங்கள் மூலம் ஏற்றல் வேண்டும். ஆயின், நாளை தமக்கு இருக்குமோ என்றறியாத நிலத்தை இன்று எவர் பேணுவர்? உரிமையை மறுத்துவிட்டுப் பொறுப்பை மட்டும் கேட்பது நீதியன்று.

வெளிநாட்டுப் பால்மாவுக்குப் பணத்தை இறைக்கும் நாடு, தன் பாலுக்கு ஊற்றான புல்வெளியை அழிய விடுவது பேதைமை. மயிலத்தமடு, மாதவனை நிலங்களை அளந்து, எல்லைக்கல் நாட்டி, மேய்ச்சற்றரையென வர்த்தமானியில் அரசாங்கம் அறிவிக்கட்டும். அடுத்த விதைப்புக்குப் பட்டிகள் புறப்படுமுன் இது நிறைவேறல் வேண்டும். அறிக்கைகளை மேய்ந்து எந்த மாடும் பால் சுரந்ததில்லை.