பையை அடுத்துத் தொடப்போகிற கை

ரூமில் கண்ணாடி உடைஞ்சா என்ன செய்வோம்? காலில் குத்திடக் கூடாதேன்னு செருப்பைப் போட்டுக்கிட்டு, பதமாகக் கூட்டி அள்ளி டஸ்ட்பினில் கொட்டுவோம். அதோடு நம்ம கவலை தீர்ந்தது. மறுநாள் காலையில் ஹவுஸ்கீப்பிங் அக்கா அந்தப் பையை அமுக்கி, முடிச்சுப் போட்டுத் தூக்குவாங்க. பிறகு மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிக்க இன்னொருத்தர் அதற்குள்ளே கையை விடுவார். உள்ளே என்ன இருக்குன்னு அவங்க ரெண்டு பேருக்குமே தெரியாது. தெரிஞ்ச ஒரே ஆள் நாமதான்.

“அதான் கிளவுஸ் போட்டிருக்காங்களே?” என்று கேட்கலாம். பாத்திரம் கழுவப் போடுற மாதிரி மெல்லிசான ரப்பர் கிளவுஸ் ஷேவிங் பிளேடுக்கு எம்மாத்திரம்? தொழிற்சாலைப் பாதுகாப்பு பற்றிய பாடத்தில் நாமே படிச்சுப் பரீட்சை எழுதுகிறோம்: ஆபத்தை அது தோன்றுகிற இடத்திலேயே நீக்குவது முதல் வழி, கையுறையும் ஹெல்மெட்டும் கடைசி வழி. ஹாஸ்டல் டஸ்ட்பின்னுக்கு மட்டும் ஏன் தலைகீழாக யோசிக்கிறோம்? நாள் கூலிக்கு வர்றவங்க கையைக் கிழிச்சுக்கிட்டா, தையலும் டி.டி. ஊசியும் போக, ரெண்டு நாள் சம்பளமும் போச்சு.

இத்தனைக்கும் 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே, குப்பையைப் பிரிக்கும் பொறுப்பைக் குப்பை போடுகிறவர் தலையில்தான் வைத்தன. நாப்கினைச் சுற்றித்தான் போடணும் என்பதும் அதிலேயே இருந்தது. (பாய்ஸ் ஹாஸ்டல்காரர்கள் சிரிக்க வேண்டாம், பிளேடு மேட்டரில் நீங்கதான் முதல் குற்றவாளி.)

செய்ய வேண்டியது பெரிய வேலையும் இல்லை. கண்ணாடித் துண்டை நாலு மடிப்பு நியூஸ்பேப்பரில் சுற்றி, டேப் ஒட்டி, மேலே ‘கண்ணாடி’ என்று மார்க்கரால் எழுதணும். பழைய பிளேடுகளை ஒரு காலி வாட்டர் பாட்டிலில் சேர்த்து மூடி போட்டு வைக்கலாம். ஒரு பாட்டில் நிறைய வருஷக்கணக்காகும்! டியூப்லைட்டை உடைக்காமல் எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் கொடுத்திடுங்க. அதற்குள்ளே பாதரசம் இருக்கு.

நம்ம மாதிரி காலேஜுக்கே உரிய குப்பை ஒண்ணு உண்டு: ப்ராஜெக்ட் முடிஞ்ச லித்தியம் பேட்டரி. உப்பிப்போன ட்ரோன் பேட்டரியைச் சாதாரணக் குப்பையில் போட்டால், லாரியில் நசுங்கும்போது உள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். வண்டியில் ஆள் இருப்பாங்க. பேட்டரியை மற்ற குப்பையோடு சேர்க்கக் கூடாது என்று 2022-இல் வந்த பேட்டரி கழிவு விதிகளும் சொல்கின்றன. முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்கழிவுப் பெட்டியில் போடுங்க. உங்க பிளாக்கில் பெட்டி இல்லையென்றால் டிபார்ட்மென்டில் கேட்டு ஒண்ணு வைக்கச் சொல்லுங்க.

செமஸ்டர் முடிஞ்சு ரூமைக் காலி பண்ணுகிற வாரம் வருது. வருஷத்துக் குப்பை மொத்தமும் வெளியே வருவது அப்போதுதான். டேப்பையும் மார்க்கரையும் பேக்கில் அடியில் போட்டுடாதீங்க, கடைசியா எடுத்து வையுங்க.