காற்று அடங்கும், கம்பி அடங்காது!

புயலென்றால் கடலோரத்தார் கவலை, கீழப்பழுவூருக்கு என்ன என்று கேட்போர் உண்டு. 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் அருகே கரையேறிய ‘கஜா’ கடலோரத்தோடு நின்றதா? புதுக்கோட்டையையும் கலக்கியது, இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது!

ஆகவே நாம் சொல்வோம்: தாழ்ந்த கம்பிகளைச் சீர்செய்வது மின்வாரியத்தின் கடமை. கம்பத்திலும் இழுவைக் கம்பியிலும் கட்டிய ஆடுமாடுகளையும் துணிக்கொடிகளையும் புயலுக்கு முன்பே அவிழ்ப்பது நம் கடமை. வீட்டில் நீர் புகுமுன், உலர்ந்த கையால் மெயின் சுவிட்சை அணைத்திடுக. புகுந்துவிட்டாலோ, சுவிட்சைத் தேடி நீரில் இறங்காதீர்!

காற்று ஓய்ந்த பின்னும், அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் ஓடலாம். எவரையும் அணுகவிடாமல் தடுத்து, வாரியத்தின் ‘மின்னகம்’ 94987 94987-க்குத் தெரிவியுங்கள்.

ஓரிரவு இருளைப் பொறுக்கலாம். ஓர் உயிர் அணைந்தால், மீண்டும் ஏற்றுவார் யார்?